கொடைக்குக் கட்டுப்பட்ட கூத்து

கணியான் கூத்து தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கோயில் கொடைகளில் நடக்கிற கதைக்கூத்து. பாட்டும் ஆட்டமும் சடங்கும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. கணியான் என்ற ஒரே சமூகத்தைச் சேர்ந்த ஆண்களே இதை நடத்துகிறார்கள். ஆறு அல்லது ஏழு பேர் சேர்ந்தால் ஒரு செட்டு. மகுடம் என்ற தோற்கருவி இதற்கு அடிப்படை என்பதால் மகுடாட்டம் என்றும் சொல்வதுண்டு. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்தது. கூத்துக்கு அந்த எல்லை கிடையாது. சுரண்டைப் பக்கம் பாடிய செட்டு அடுத்த வாரம் அம்பாசமுத்திரம் பக்கம் பாடும். எந்த ஊரில் கொடை, எந்தக் கிழமையில் கொடை என்பதுதான் அதன் வழித்தடத்தை முடிவு செய்கிறது.

செட்டின் தலைவர் அண்ணாவி. கதையைப் பாடுவது, நடுவே வசனமாகச் சொல்வது, எந்த இடத்தை நீட்டுவது, எதைச் சுருக்குவது என்று பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு நின்றபடியே பாடுவார். பின்பாட்டுக்காரர் அவர் விட்ட அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார். பக்கத்தில் ஜால்ரா. பின்னால் இரண்டு மகுடக்காரர்கள். முன்னால் இரண்டு வேஷக்காரர்கள்: சேலை, ரவிக்கை, சவுரி, கால் நிறையச் சலங்கை என்று பெண்ணாக ஒப்பனை செய்துகொண்ட ஆண்கள். பெரும்பாலும் அவர்கள் மகுடத்தின் அடிக்கே ஆடுகிறார்கள். கதை சூடு பிடிக்கும் இடத்தில் அபிநயத்துக்கும் வருவார்கள். அண்ணாவியின் குரல் ஏறும்போது முன்னால் நகர்ந்து, இறங்கும்போது பின்வாங்கி, சுற்றி வந்து மீண்டும் அவருக்கு எதிரே நிற்பார்கள். மேடை வேண்டியதில்லை. சாமியின் பீடத்துக்கு எதிரே பந்தலுக்குள் நாலைந்து பாய் விரிக்கும் அளவு இடம் போதும். கூத்து சாமியைப் பார்த்து நடக்கிறது. ஊர் அதைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறது.

மகுடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பூவரசு, வேம்பு போன்ற மரத்தில் வட்டச் சட்டம் செய்து, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் காயவைத்தால் மகுடம். பார்வைக்குத் தப்பைப் போலிருக்கும். ஆனால் தப்புக்குக் குச்சிகள் உண்டு, மகுடத்துக்குக் கிடையாது. மார்போடு அணைத்துப் பிடித்து வெறும் விரல்களாலும் உள்ளங்கையாலும் வாசிக்கிறார்கள். எப்போதும் இரட்டையாகத்தான் வரும்: ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். மந்தம் தாளத்தைத் தாங்கி நிற்க, உச்சம் அதன்மேல் ஏறி விளையாடும். ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்குப் பேச்சு வராது. சுருதி சேர்க்க முறுக்காணியோ கயிறோ இல்லை; நெருப்புதான். பந்தலுக்குச் சற்றுத் தள்ளிச் சருகையும் காய்ந்த ஓலையையும் கூட்டித் தீ மூட்டி, தோலை அதன் முன் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மொத்தென்று கேட்டால் இன்னும் காயவேண்டும். கணீரென்று கேட்டால் எழுந்து வரலாம். கூடக் காய்ந்தால் தோல் கிழிந்துவிடும். அந்தக் கணக்கைக் காதும் விரலும்தான் வைத்திருக்கின்றன.

பனி இறங்கும் பின்னிரவில் தோல் தொய்யும். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று திறந்து செங்கோட்டை, இலஞ்சி, குற்றாலம், தென்காசி முழுக்கச் சாரல் தூவும் நாட்களில் இன்னும் சீக்கிரம் தொய்யும். அருவியில் தண்ணீர் விழும் காலத்தைக் குற்றாலத்துக்கு வருபவர்கள் சீசன் என்கிறார்கள். மகுடக்காரருக்கு அது பாட்டுக்குப் பாட்டு தீயைத் தேடிப் போகிற காலம். அவர் எழுந்து போகும் இடைவெளியில் அண்ணாவி வசனத்தை நீட்டிக்கொள்வார். கருவியின் குணம் இப்படிக் கதையின் நடைக்குள்ளும் புகுந்துவிடுகிறது.

இந்தக் கூத்தைப் புரிந்துகொள்ளக் கொடையைப் புரிந்துகொள்ள வேண்டும். கொடை என்பது ஊரோ குடும்பமோ தன் தெய்வத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுக்கும் விழா. சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன், பேச்சி, பட்டவராயன் என்று தெய்வங்கள் பல. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பணம் திரட்டுவார்கள். வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துச் செட்டைப் பேசி முடிப்பார்கள். பந்தலுக்குக் கால் நடும் கால்நாட்டு முடிந்து கொடை நாள் வந்ததும், தெய்வத்தை அழைக்கும் குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று சடங்குகள் நேரம் வைத்து நடக்கும். கணியான் கூத்தின் பாட்டுகளெல்லாம் இந்த நேரங்களில் ஒவ்வொன்றாக மாட்டப்பட்டவை. காப்பு இன்ன நேரம், கதையின் பிறப்புப் பகுதி இன்ன நேரம், சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு இன்ன நேரம் என்ற ஒழுங்கு உண்டு. வரத்துப் பாட்டு எழும்போது மகுடத்தின் நடை மாறும். சாமியாடும் கோமரத்தாடியின் உடல் அதற்குத்தான் காத்திருக்கும். அதுவரை ஓரமாகக் கைகட்டி நின்ற மனிதர் உலுக்கி விழுந்து சாமியாகி எழுவார். சாமி வராவிட்டால் ஊர் அண்ணாவியைப் பார்க்கும். அவருடைய திறமைக்கு அங்கே வைக்கப்படும் பரீட்சை கைதட்டல் அல்ல, வரத்து.

பாடப்படும் கதைகள் இரண்டு வகைப்படும். கயிலையில் பிறந்து பூமிக்கு வந்த தெய்வங்களின் கதைகள் ஒருவகை. மண்ணில் மனிதராகப் பிறந்து, வெட்டுப்பட்டோ கொலையுண்டோ செத்துத் தெய்வமானவர்களின் கதைகள் மற்றொரு வகை. தென்தமிழகத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-ல் வெளியிட்ட நூல் இந்தப் பிறப்பு, இறப்பு வேறுபாட்டைத்தான் தன் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. கணியான் கூத்துக்கும் அது பொருந்தும். சுடலைமாடன் முதல் வகை. விளக்குச் சுடரில் பார்வதிக்குப் பிள்ளையாகப் பிறந்து, பாலுக்கு அடங்காத பசியோடு சுடுகாட்டுப் பிணம் தின்று, அதனாலேயே கயிலையில் இருக்க முடியாமல் கீழே அனுப்பப்பட்டவன். அவன் மலையாள நாட்டுக்குப் போய்க் காளிப் பெரும்புலையன் என்ற மந்திரவாதியோடு மோதும் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர்களில் தனிச் சுவையோடு கேட்கப்படுகிறது. அதில் வியப்பில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து மந்திரமும் தெய்வமும் இந்த மக்களுக்குத் தூரதேசத்துச் சரக்கு அல்ல. மாட்டுவண்டித் தடத்தில் வந்து போனவை.

இரண்டாவது வகையில் முத்துப்பட்டன் கதைக்கு நிகராக ஒன்றைச் சொல்வது கடினம். பிராமணக் குடும்பத்தில் பிறந்த பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவர்மீதும் ஆசைப்படுகிறான். பெண் கேட்கும்போது தகப்பன் சொல்லும் நிபந்தனைப்படி பூணூலையும் குடுமியையும் விட்டு, செருப்புத் தைக்கக் கற்று, அவர்களில் ஒருவனாகவே ஆகிறான். பிறகு மாடு பிடிக்க வந்த கொள்ளையரோடு போரிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலையில் காரையாற்றுக் கரையில் இருக்கும் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக அவனுக்கு இடம் உண்டு. அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆடி அமாவாசைக்குத் தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே போய்த் தங்குகின்றன. இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்து 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அச்சில் படிக்கும்போது அது சமூக வரலாற்றுக்கான ஓர் ஆவணம். கொடையில் கேட்கும்போது, நாலு நூற்றாண்டோ மூன்று நூற்றாண்டோ முன்பு நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கொலையின் கணக்கை ஊர் வருடந்தோறும் திரும்பப் பார்ப்பது. பெண் கேட்கும் இடத்தில் சிரிக்கும் கூட்டம், பட்டன் விழும் இடத்தில் அழுகிறது. கதை முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அழுகிறது.

வில்லுப்பாட்டும் இதே தெய்வங்களை, பெரும்பாலும் இதே கதைகளைத்தான் பாடுகிறது. பல ஊர்க் கொடைகளில் வில்லும் மகுடமும் நையாண்டி மேளமும் மாறி மாறி நடக்கும். ஆனால் வில்லைப் பல சாதியாரும் கற்கலாம், பெண்களும் தலைமை ஏற்றுப் பாடுகிறார்கள். கணியானுடைய சடங்கு வேலை வேறு யாரும் செய்ய முடியாதது. சாமக்கொடையில் அது தெரியும்.

நள்ளிரவு தாண்டும்போது கூட்டம் குறையும். பிள்ளைகள் பாயில் தூங்கிப் போயிருப்பார்கள். அந்த நேரத்துக்கென்று வைத்திருக்கும் பகுதிகள் அம்மன் கூத்து, பேயாட்டம், கைவெட்டு. அம்மன் கூத்தில் கணியான் ஒருவர் முகத்தில் வண்ணம் பூசிக் காளியாக வருவார். பேயாட்டத்தில் கையில் பந்தத்தோடு பேய்வேஷம். கைவெட்டுக்கு உரியவர் முன்கூட்டியே காப்புக் கட்டி விரதம் இருந்திருப்பார். மகுடம் இரண்டும் வேகமெடுத்து, பின்பு ஒரே அடியில் நிலைக்கும். பீடத்தின் முன் வாழையிலை விரித்திருக்கும். அவர் முன்கையைக் கத்தியால் கீறி, சொட்டும் ரத்தத்தை அந்த இலையில் விடுவார். சில கோயில்களில் நாக்கைக் கீறுவதும் வழக்கமாக இருந்தது. முன்கையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய பழைய தழும்புகளைப் பார்த்தாலே ஒருவர் எத்தனை கொடைக்கு நின்றவர் என்று ஊகிக்கலாம். அந்த ரத்தம் விழுந்த பிறகுதான் சாமி பலியை ஏற்றதாக ஊர் நம்புகிறது. சோற்றுத் திரளை எறிவதும் சுடலையின் மயான வேட்டையும் அதையொட்டியே நடக்கின்றன.

இதைக் கொடூரம் என்று ஒதுக்குவது எளிது. பரவசம் என்று போற்றுவதும் எளிது. இரண்டுமே அந்த மனிதரைப் பார்க்கத் தவறுகின்றன. ஊர் முழுவதற்கும் பதிலாகத் தன் ரத்தத்தைக் கொடுப்பவர், அதே ஊரில் நெடுங்காலம் கீழே வைத்துப் பார்க்கப்பட்டவர். சாமிக்கு அவர் ரத்தம் உகந்தது; ஊருக்கு அவர் உறவு உகந்ததாக இல்லை. இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டுக் கணியான் கூத்தின் மகிமையைப் பேசுவது நேர்மையாகாது. இன்று பல இடங்களில் கைவெட்டு ஒரு சிறு கீறலாகச் சுருங்கியிருக்கிறது. சில இடங்களில் கைவிடப்பட்டிருக்கிறது. வாங்கும் கூலிக்கு இனி உடம்பைக் கிழிக்க வேண்டியதில்லை என்று இளையவர்கள் நினைப்பது முழுக்க நியாயம்.

ஒப்பிடுவதற்கு ஐரோப்பாவின் வடக்கே எஸ்தோனியாவைப் பார்க்கலாம். அங்கே 1869-ல் தார்த்து நகரில் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. 1934-ல் தாலினில் முதல் ஆட்டத் திருவிழா. ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆயிரக்கணக்கானோர் தத்தம் வட்டாரத்து உடையில் ஒரே மைதானத்தில் கூடி, ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்த ஆட்டங்களைச் சேர்ந்து ஆடுகிறார்கள். சோவியத் ஆட்சிக்காலத்திலும் அது நிற்கவில்லை. பால்டிக் நாடுகளின் இந்த விழாக்களை 2003-ல் யுனெஸ்கோ மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தது. இதற்கு அருகிலேயே வேறொரு போக்கும் அங்கே உண்டு. கிறிஸ்தியன் தோரப் 1969-ல் தொடங்கிய லெய்காரித் என்ற குழு, மைதானத்துக்காக மாற்றி அமைத்த ஆட்டங்களை விட்டு, கிராமத்து முதியவர்களிடமிருந்து திரட்டிய பழைய ஆட்டங்களை அப்படியே ஆட முயன்றது. தாலினின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், பழைய பண்ணை வீடுகளுக்கு நடுவே அதன் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அந்நியர் ஆண்ட சிறிய நாடு ஒன்று, தான் யார் என்பதை மறக்காமலிருக்க ஆட்டத்தைக் கையில் எடுத்தது என்பது பெரிய விஷயம். ஆனால் அங்கே ஆட்டத்தை வேண்டிய சடங்கும் வாழ்க்கையும் பெரும்பாலும் போய்விட்டன; ஆட்டத்தை விரும்பிச் சேர்ந்தவர்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். தென்காசியில் நிலைமை நேர்மாறு. கணியான் செட்டை நிறுவிய சங்கம் இல்லை, பதிவேடு இல்லை, நாட்டுக்கான அடையாளம் என்று அதை யாரும் தோளில் ஏற்றியதில்லை. ஆனால் அதை வேண்டி நிற்கும் சடங்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. சுடலைக்குக் கொடை எடுக்கும் ஊர் இருக்கும்வரை செட்டுக்கு வேலை இருக்கும்.

இதனால்தான் இந்தக் கூத்தை மேடைக்குக் கொண்டுபோகும்போது ஏதோ ஒன்று கழன்றுவிடுகிறது. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமமும், சுற்றுலாத் துறை குற்றாலத்தில் நடத்தும் சாரல் விழாவும், கல்லூரி விழாக்களும் நாட்டார் கலைகளுக்குப் புதுப் பார்வையாளரைத் தந்தன என்பது உண்மை. அங்கே கிடைக்கும் மரியாதை, ஊர்க் கொடையில் கிடைக்காத ஒன்று. கலைஞர்கள் நாற்காலியில் உட்கார்த்தப்பட்டார்கள், பொன்னாடை போர்த்தப்பட்டார்கள். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் பத்து, பதினைந்து நிமிடத்தில் என்ன காட்ட முடியும்? மகுடத்தின் வேகத்தைக் காட்டலாம், வேஷக்காரரின் சுழற்சியைக் காட்டலாம். ஓர் இரவு முழுக்க மெல்ல மெல்ல ஏறி வரும் கதையைக் காட்ட முடியாது. வரத்துப் பாட்டைப் பாடலாம். வருவதற்கு அங்கே சாமி இல்லை. குற்றாலத்துச் சித்திரசபையில் நடராசர் சுவர் ஓவியமாக ஆடுகிறார். ஐந்து சபைகளில் ஒன்று என்று போற்றி வணங்குகிறார்கள். சில மைல் தள்ளி ஒரு வயல்வரப்பில், சுண்ணாம்பு அடித்த மண்பீடத்துக்கு எதிரே விடியவிடிய நடக்கும் ஆட்டத்துக்கும் அதே அக்கறையோடு ஒரு பார்வை கிடைக்க வேண்டும். கிடைத்ததில்லை.

பெண்வேஷம் போடும் ஆண் கலைஞருக்கு ஊரில் நேரும் அவமானத்தைத் தமிழ் சினிமா ஒரு முறை முகத்துக்கு நேராகக் காட்டியது. மாரி செல்வராஜ் இயக்கி 2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகனின் தந்தை அப்படிப்பட்ட ஆட்டக்காரர். அந்த வேடத்தில் நடித்த வண்ணாரப்பேட்டை தங்கராஜும் நெல்லையின் உண்மையான கூத்துக் கலைஞர், 2023-ல் மறைந்தார். படத்தில் வருவது கணியான் கூத்து அல்ல. ஆனால் சேலை கட்டி ஆடியவர் விடிந்ததும் வேட்டி கட்டித் தெருவில் நடக்கும்போது கேட்க வேண்டியிருக்கும் சொற்கள் எல்லாச் செட்டுக்கும் பொது.

அரசின் பட்டியலில் கணியான் சமூகம் பழங்குடி. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, பிள்ளையின் கையில் சான்றிதழ் இருப்பது வேறு. மலையில் வாழாமல் ஊருக்கு ஒன்றிரண்டு குடும்பமாகச் சமவெளியில் சிதறிக் கிடப்பதால், இவர்கள் பழங்குடியா என்ற சந்தேகம் அலுவலக மேசைகளில் திரும்பத் திரும்ப எழுகிறது. அப்போது மகுடமே சாட்சியாகிவிடுகிறது: கூத்தாடுபவர்தான், ஆகவே கணியான்தான். படித்து வேறு வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு, தகப்பன் தழும்பேறிய கையோடு வந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் ஓய்வூதியம், உதவித்தொகை போன்றவற்றுக்கு வழி செய்தது. அதிலும் பதிவு செய்துகொள்ள அலைய வேண்டும். கொடைக்காலத்தில் அலைய நேரமில்லை, மற்ற மாதங்களில் கூலிவேலை.

கொடைக்காலம் என்பது பங்குனி உத்திரத்தில் சாஸ்தா கோயில்களில் தொடங்கி, சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி என்று நீள்கிறது. வருடத்தின் வருமானத்தில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். 2020-ல் பொதுமுடக்கம் மார்ச் கடைசியில் வந்தது. அந்த ஆண்டு பங்குனி உத்திரம் ஏப்ரலில் விழுந்தது. கோயில்கள் சாத்தப்பட்டன, பேசி வைத்த கொடைகள் நின்றன, வாங்கிய முன்பணம் அடுத்த கொடைக்குக் கடனாக மாறியது. கொடையைச் சார்ந்திருப்பதே இந்தக் கூத்தின் பலம் என்றால், அதன் பலவீனமும் அதுவே. ஆகவே இதைக் காக்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியவை கூத்தாடுபவரின் கூலி, சான்றிதழ், கொடை இல்லாத மாதங்களின் சோறு. ஒலிப்பதிவும் மேடையும் அதற்குப் பிறகு.

கற்றுக்கொள்ளும் முறை இன்றும் வீட்டுக்குள்தான். பையன் தகப்பனோடோ தாய்மாமனோடோ கொடைக்குப் போவான். முதலில் கையில் ஜால்ரா. தாளம் தவறாமல் ஓர் இரவைத் தாண்டப் பழகிய பிறகு சலங்கை. பெண்வேஷம் இளமையில் கட்டுவது; முகத்தில் வயது தெரியத் தொடங்கியதும் கழற்றி வைத்துவிட்டு மகுடத்துக்கோ பின்பாட்டுக்கோ மாறுவார்கள். ஆட்டக்காரராக இருந்தவருக்கு எந்த இடத்தில் கால் என்ன கேட்கும் என்று தெரியுமாதலால், மகுடத்தில் அவர் கை தனியாகத் தெரியும். பின்பாட்டில் சில காலம் நின்று கதைகளை உள்வாங்கியவர்களில் குரலும் நினைவும் உள்ள ஒருவர் அண்ணாவியாகிறார். அண்ணாவிகள் சிலரிடம் கைப்பட எழுதிய நோட்டுகள் இருக்கும்; ஏட்டிலிருந்து பெயர்த்தவை, குருவிடமிருந்து எழுதிக்கொண்டவை. பாடும்போது அவற்றைத் திறப்பதில்லை. அந்தந்த ஊர்த் தெய்வத்தின் பெயரும் கொடை எடுக்கும் குடும்பங்களின் பெயரும் கதைக்குள் அந்த இடத்திலேயே சேர்க்கப்பட வேண்டும். அது நோட்டில் இருக்காது. கொடை முடிந்து மஞ்சள் நீராட்டு நடக்கும் காலையில் பேசிய பணத்தோடு அரிசி, தேங்காய், பலியில் உரிய பங்கு ஆகியவற்றையும் ஊர் கொடுக்கும். அண்ணாவி பணத்தைப் பங்கு வைப்பார். கைவெட்டுக்கு நின்றவருக்குத் தனித்தொகை உண்டு. மகுடங்களைத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நடப்பார்கள். பெரும்பாலும் அன்று இரவே வேறோர் ஊரில் குடியழைப்பு இருக்கும்.